எடைப் பிரிவைத் தாண்ட வைக்கும் பணம்

2025 செப்டெம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் எழுபதாயிரம் பார்வையாளர்கள் முன்னிலையில் டெரன்ஸ் க்ரோபோர்ட், கனெலோ அல்வாரெஸைப் புள்ளிகளில் தோற்கடித்தார். நெட்பிளிக்ஸ் அதை உலகம் முழுவதும் நேரலையாகக் காட்டியது. க்ரோபோர்ட் அதற்கு முந்தைய சண்டையில் 154 இறாத்தல் பிரிவில் நின்றவர். இந்தச் சண்டைக்காக இடையிலுள்ள 160 பிரிவைத் தாண்டி நேரே 168க்கு ஏறினார். வித்தியாசம் 14 இறாத்தல், அதாவது ஆறு கிலோவுக்கும் அதிகம். 37 வயதில் அவர் அதைச் செய்து காட்டியது பெரும் சாதனை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த வெற்றி ஒரு தவறான பாடத்தைக் கற்பிக்கிறது. எடைப் பிரிவுகள் பட்டங்களைப் பெருக்குவதற்காகத் தோன்றியவை அல்ல. பெரிய உடம்பின் அடியிலிருந்து சின்ன உடம்பைக் காக்கும் பாதுகாப்பு விதி அது. இன்றைய பெரும் பணச் சண்டைகளில் அந்த விதி ஒப்பந்தத்தில் பேரம் பேசும் ஒரு வரியாக மாறிவிட்டது.

ஷெஃபீல்டைச் சேர்ந்த கெல் புரூக்கின் கதை இப்போது அதிகம் பேசப்படுவதில்லை. 147 இறாத்தல் பிரிவின் உலக வெற்றியாளராக இருந்த அவர், 2016 செப்டெம்பரில் 160 பிரிவின் ஜெனடி கொலோவ்கினை லண்டனில் எதிர்கொண்டார். ஐந்தாவது சுற்றில் அவருடைய பயிற்சியாளரே துவாயை வீசிச் சண்டையை நிறுத்தினார். புரூக்கின் கண்குழி எலும்பு உடைந்திருந்தது. கதை அதோடு முடியவில்லை. தன் பட்டத்தைக் காக்க அவர் திரும்பவும் 147க்கு இறங்க வேண்டியிருந்தது. 2017 மேயில் எரோல் ஸ்பென்ஸுடனான சண்டையில் மற்றக் கண்குழியும் உடைந்தது, பட்டமும் போனது. ஏறியதற்கு ஒரு கண், இறங்கியதற்கு மறு கண் என்று எழுதினால் மருத்துவர்கள் ஏற்கமாட்டார்கள். என்றாலும் ஒன்பது மாதங்களுக்குள் ஓர் உடம்பை ஏற்றி இறக்கியதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சின்னவர் மேலே ஏறும்போது, பெரியவரைக் கீழே பிடித்து வைப்பதற்கும் ஒப்பந்தத்தில் வழி உண்டு. எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். வீரர்கள் தண்ணீரைக் குறைத்து, வியர்த்து, எடையை இறக்கித் தராசில் ஏறுவார்கள். பிறகு குடித்துச் சாப்பிட்டு உடம்பை மீட்பார்கள். 2025 ஏப்ரலில் லண்டனில் கிறிஸ் யூபாங்க் ஜூனியர், தன்னைவிடச் சிறிய கோனர் பென்னுடன் மோதியபோது, அந்த மீட்சிக்கும் எல்லை போடப்பட்டது. முதல் நாள் 160. சண்டையன்று காலை 170க்கு மேல் போகக்கூடாது. யூபாங்க் 0.05 இறாத்தலால் தவறினார். அது 23 கிராம். அதற்கு அபராதம் ஐந்து இலட்சம் டொலர். அவர் வென்றார், பிறகு மருத்துவமனைக்குப் போனார். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது தலையில் விழும் அடி அதிக ஆபத்தானது என்று மருத்துவர்கள் நீண்ட காலமாக எச்சரித்து வருகிறார்கள். இருந்தும் நவம்பரில் அதே மைதானத்தில் மறுசண்டை நடந்தது. இம்முறை பென் வென்றார்.

இதை யார் கேள்வி கேட்பது? மேலே சொன்ன 2025ஆம் ஆண்டுச் சண்டைகளின் பின்னால் நின்றவர் துர்க்கி அல்-ஷேக், சவூதி அரசின் பொழுதுபோக்கு அதிகாரசபைத் தலைவர். 1922இல் தொடங்கப்பட்டு, வீரர்களைத் தரவரிசைப்படுத்திவரும் 'த ரிங்' சஞ்சிகையையும் 2024இல் அவரே வாங்கிவிட்டார். சண்டைக்குப் பணம் போடுபவரும் அதை மதிப்பிடும் ஏட்டின் உரிமையாளரும் ஒரே ஆள். யேமனில் குண்டு வீசிய கூட்டணிக்குத் தலைமை தாங்கிய அரசு அது என்பது, மேடை விளக்குகள் எரியும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அந்த அரசு வாங்க விரும்புவதும் அந்த மறதியைத்தான்.

வீரர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் குத்துச்சண்டை வீரருக்குச் சங்கமோ நிலையான சம்பளமோ கிடையாது. உழைக்கும் வருடங்களும் சில. சொந்தப் பிரிவில் பல சண்டைகளில் கிடைக்காத தொகையை ஒரே இரவில் தருகிறோம் என்றால், எத்தனை பேர் மறுப்பார்கள்?

க்ரோபோர்ட் 2025 டிசெம்பரில் தோல்வியே காணாமல் ஓய்வை அறிவித்தார். புரூக்கைப் போல அவர் மீண்டும் எடை இறக்கவேண்டி வரவில்லை. அடுத்து இரண்டு பிரிவுகள் தாண்டப்போகிறவருக்கு முகவர்கள் எடுத்துக்காட்டப்போவது க்ரோபோர்டின் காணொளியைத்தான், புரூக்கின் எக்ஸ்-ரேயை அல்ல.