திரும்பி வந்த மேசைவிரிப்புகள்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியால் வடக்கே சென்றால், பாண்டிருப்பை அடுத்து மருதமுனை வரும். கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்குள்ள நெசவாளர் ஒருவர், கொழும்பிலுள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்காக நெய்து கொடுத்த மேசைவிரிப்புகளில் பாதி திரும்பி வந்த கதையை அண்மையில் என்னிடம் சொன்னார். நெசவில் பிழையில்லை. முதல் தொகுதியின் நீலமும் இரண்டாம் தொகுதியின் நீலமும் ஒத்துப்போகவில்லை. எத்தனை கிராம் சாயம் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "எல்லாம் கைக்கணக்குத்தான்" என்றாராம் இவர். அந்த நிறுவனத்தின் வரவேற்பறையில் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் தொங்குவதைத் தம் கண்ணால் கண்டதாகவும் சொன்னார்.

இச்சான்றிதழ் இருந்தால் சரக்கு உயர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1987இல் முதன்முதலாக வெளியான அந்த நியமம் துணியை அளந்து பார்ப்பதில்லை. சொன்ன முறைப்படி செய்கிறீர்களா, அதற்குப் பதிவு உண்டா, பிழை நேர்ந்தால் காரணத்தைத் தேடித் திருத்துகிறீர்களா என்றே அது கேட்கிறது. ஐ.எஸ்.ஓ. அமைப்பு தானாக எவருக்கும் சான்றிதழ் வழங்குவதுமில்லை. நம் நாட்டில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் போன்றவை கணக்காய்வு செய்து வழங்குகின்றன. (காசுக்குத் தாள் விற்போரும் உலகெங்கும் உண்டு, அது வேறு கதை.)

பதிவின் பெறுமதியை இந்நாடு ஒருமுறை கடலில் கற்றுக்கொண்டது. 2015 ஜனவரியில், இலங்கைப் படகுகள் பிடித்த மீனை இறக்குமதி செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. மீன் பழுதென்று எவரும் சொல்லவில்லை. ஆழ்கடலில் எந்தப் படகு எங்கே பிடித்தது என்பதற்கு நம்பத்தக்க கண்காணிப்பு இல்லை என்பதே குற்றச்சாட்டு. கண்காணிப்பு சீரமைக்கப்பட்ட பின்னர், 2016 ஜூனில்தான் தடை நீங்கியது.

ஆகவே நெசவாளரும் எழுதிப் பழகத்தான் வேண்டும். நூலின் எடை, சாயத்தின் அளவு, கொதிக்கவைத்த நேரம், தேதி: ஒரு கொப்பி போதும். ஆனால் நான்கு தறி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் கணக்காய்வுக் கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்க இயலாது. சங்கமாகச் சேர்ந்து, பொதுச் சாயச்சாலை ஒன்றை வைத்து, அதற்கு வாங்கலாம். நியமத்தில் அதற்குத் தடையேதுமில்லை.

என் கோபம் வேறிடத்தில். வெளியாரிடம் கொடுத்துச் செய்விக்கும் வேலையையும் சான்றிதழ் வைத்திருப்பவரே கட்டுப்படுத்த வேண்டும், தமக்கு என்ன தேவை என்பதை அவர்களுக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று அதே நியமம் கூறுகிறது. நம் நெசவாளருக்கு நிற மாதிரித் துண்டு ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. தொலைபேசியில் "கடல் நீலம்" என்றிருக்கிறார்கள். கல்முனைக் கடல் காலையில் ஒரு நீலம், மாலையில் ஒரு நீலம். முதல் தொகுதியை வாங்கியபோது எவரும் சோதிக்கவுமில்லை. இந்தப் பிழை யாருடைய பதிவேட்டில் எழுதப்பட வேண்டியது?

விரிப்புகள் அவர் வீட்டு முன்னறையில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்பிய லொறிக் கூலியையும் அவருடைய கணக்கிலேயே கழித்திருக்கிறார்கள்.