தண்ணீர் வராது

ரொறன்ரோவில் தமிழ் கெடுகிறது என்று பேச்சு எழும்போதெல்லாம் பழி ‘பஸ்’, ‘கோல்’, ‘அப்பொயின்மென்ற்’ போன்ற சொற்கள்மீதே விழுகிறது. ‘அலமாரி’ போர்த்துக்கேயரோடு வந்தது என்று இன்று யாரும் வருந்துவதில்லை. இவையும் அப்படிப் பழகிவிடும். ஓர் ஆங்கிலச் சொல்லும் கலக்காத வாக்கியத்துக்குள் ஆங்கில இலக்கணம் வந்து உட்காருவதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்பொன்றில், லிப்ட் பக்கத்தில் இப்படி ஓர் அறிவித்தல் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: “நாளை காலை 9 மணி முதல் இக்கட்டடத்தில் தண்ணீர் விநியோகம் நிறுத்தப்படும் என்பதைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ளவும்.” எழுத்துப்பிழை இல்லை. ஆனால் எழுதியவரின் மேசையில் ஆங்கில அறிவித்தல் இருந்தது தெரிகிறது. ‘கவனத்தில் கொள்ளவும்’ என்பது ஆங்கிலத்தில் சம்பிரதாயத் தொடக்கம். ஒட்டியதே கவனிக்கத்தானே! ஆங்கில ஏவல் வினையில் மரியாதைக்கு விகுதி கிடையாது. அதனால் தனிச்சொல் ஒன்று தேவைப்படுகிறது. நமக்கு ‘வாருங்கள்’, ‘பாருங்கள்’ என்பவற்றின் விகுதியே போதும். வரிக்கு வரி ‘தயவுசெய்து’ போட்டால் கெஞ்சுவது போலிருக்கும்.

அடுத்தது ‘நிறுத்தப்படும்’. நிறுத்துவது யார் என்று சொல்லாமல் விட ஆங்கிலத்துக்குச் செயப்பாட்டு வினை கைகொடுக்கிறது. தமிழிலும் ‘படு’ பழையதே. ஆனால் அதைவிட எளிய வழியும் உண்டு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வது வழக்கு என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத் தானே மெழுகாது என்பது கேட்பவருக்குத் தெரியும். அந்த வழியில் “நாளை காலை 9 மணி முதல் தண்ணீர் வராது” என்று எழுதினால், எட்டாம் மாடி அம்மம்மா இரவே வாளியில் பிடித்து வைத்துவிடுவார்.

புலம்பெயர்ந்ததால் வந்த வினை இது என்பார்கள். அப்படியானால் இதே ஊரின் மரண அறிவித்தலைப் பாருங்கள். ‘புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். அடுத்த வாக்கியத்தில், அன்பு மகனும், கணவரும், பாசமிகு தந்தையும், மைத்துனருமாக உறவெல்லாம் வந்து சேர்ந்த பிறகே வினைமுற்று வரும். ஆங்கிலம் இத்தனை பாரத்தை வினைக்கு முன்னால் தாங்காது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். அந்த வடிவம் இன்னும் குலையவில்லை. பார்த்து எழுத ஆங்கில மூலம் இல்லை என்பதே காரணம். முந்தைய தமிழ் அறிவித்தலைப் பார்த்துத்தான் அடுத்ததை எழுதுகிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை ‘நான் ஒரு தம்பி வைத்திருக்கிறேன்’ என்று எழுதினால், அதன் ஆங்கில மூலம் மனதுக்குள் இருக்கிறது. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்று நாலு தரம் கேட்டால் சரியாகிவிடும்.

ஐரோப்பிய எழுத்து மரபிலிருந்து வந்தவற்றில் வைத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. ஏட்டுச்சுவடியில் காற்புள்ளி கிடையாது. கிறிஸ்தவ மதபோதகர் பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), தம் சைவ உரைநடையில் நிறுத்தக்குறிகளைத் தாராளமாகக் கையாண்டார். மரண அறிவித்தலின் அந்த நீண்ட வாக்கியத்தில் நாம் மூச்சு வாங்குவது இந்தக் காற்புள்ளிகளில்தான்.