கப்பலில் ஒரு பந்தி

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்கு வரும் மாதம் அறுபது நிறைகிறதாம். மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டிச் சோறு போடுவதற்குப் பதிலாக, குடும்பத்தார் பதினொரு பேரும் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் ஐந்து நாள் பிரயாணம் போய்வருவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். யோசனை அப்பாருடையதேதான். எல்லோருக்கும் ஒரே குதூகலம், கடிதம் எழுதிய சகோதரி ஒருவரைத் தவிர. காரணம், அவருடைய எட்டு வயதுப் பெண்ணுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு தடவை கால் கடலை உருண்டை தின்றுவிட்டு, மூச்சு முட்டி, ஈரோட்டு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு கிடந்திருக்கிறாள்.

வீட்டில் இரண்டு கட்சி. "குழந்தையை அம்மாயி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்" என்பது ஒன்று. "கப்பல்காரர்களிடம் போய் இது உண்டா, அது உண்டா என்று கேட்டு மானத்தை வாங்காதே, ஒரு வாய் பட்டால் ஒன்றும் ஆகிவிடாது" என்பது மற்றொன்று, இந்தக் கட்சிக்குத் தலைவி ஆத்தா. நாம் என்ன சொல்கிறோம் என்று கேட்கிறார் சகோதரி.

சொல்லுவதற்கு முன்னால் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்கு நாட்டாருக்குக் கடல் தூரம். ஆயினும் கப்பலையும் கோயமுத்தூரையும் சரித்திரம் ஒருமுறை சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறது. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். கொழும்புக்குக் கப்பல் விட்ட மனிதரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கிலே பூட்டினார்கள். இன்று காலம் மாறியிருக்கிறது. 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது; மறு வருஷம் ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைகளுக்கும் போயிற்று. ஆகையால் அப்பாருக்கு இந்த ஆசை வந்ததில் தவறு ஒன்றும் இல்லை.

இனி, ஆத்தாவின் கட்சியைப் பற்றிப் பேச நமக்கு ஒரு விசேஷ யோக்கியதை உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் நாமே அந்தக் கட்சியில் இருந்தவர்கள்.

அது ஒரு பொங்கல் நோம்பி. பீளமேட்டில் நம் வீட்டுக்குப் பெங்களூரிலிருந்து சிநேகிதர் ஒருவர் மனைவியோடும் ஆறு வயதுப் பையனோடும் வந்திருந்தார். பையனுக்குக் கடலை ஆகாது என்று வந்தவுடனேயே சொன்னார்கள். மறுநாள் காலையில் இட்டிலி பரிமாறும்போது அந்த அம்மாள் சட்னியைப் பார்த்துத் தயங்கினார். "இது பொட்டுக்கடலைச் சட்னிதான் அம்மா, பயப்படாதீர்கள்" என்றோம். "சமையற்கட்டில் ஒரு தடவை கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார். நமக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுச் சட்னி நமக்குத் தெரியாதா? "எங்கள் வீட்டில் சாப்பிட்டு எவருக்கும் இதுவரை ஒன்றும் ஆனதில்லை" என்று சிரித்துக்கொண்டே, நம் கையாலேயே பையனுடைய இலையில் ஒரு கரண்டி விட்டோம். முதல் நாள் இரவு பொட்டுக்கடலை தீர்ந்துபோய், உள்ளே வறுத்த நிலக்கடலையைப் போட்டு அரைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் ஆகவில்லை. பையனுடைய உதடு தடித்தது. இருமினான். குரல் வேறு யாருடைய குரலோ போல் ஆயிற்று.

நாம் கல்லாய் நின்றோம். அந்தத் தாயார் நிற்கவில்லை. கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துப் பையனுடைய தொடையில் போட்டுவிட்டு, "கார்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்று பகலும் இரவும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலை அனுப்பினார்கள். வாசலில் பையன் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸாரி அங்கிள், உங்க வீட்டு இட்டிலி நல்லாத்தான் இருந்தது" என்றான். அவன் நம்மிடம் மன்னிப்புக் கேட்டான்! அந்த வார்த்தை இன்னும் நம் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது.

நாம் செய்த பிழை சட்னியில் இல்லை. கேட்டவரை அவமதிப்பவராக எண்ணியதுதான் பிழை. உபசாரம் என்பது கொங்கு நாட்டில் பெரிய தர்மம். "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று மூன்று தரம் சொல்லாவிட்டால் விருந்தே இல்லை. ஆனால் அந்த வற்புறுத்தல் எல்லாக் குழந்தைகளுக்கும் அன்பாக அமைவதில்லை.

பழக்கத்தினால் வரும் குழப்பம் ஒன்றும் இதில் உண்டு. "எனக்குக் கத்தரிக்காய் சேராது, கரப்பான்" என்று நம்மவர் சொல்லுவது வழக்கம். சேராத பண்டத்தைச் சற்று மீறித் தின்றால் சிறிது அரிப்போடு போய்விடும். பத்தியமும் அப்படியே, ஒரு நாள் முறித்தால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். கடலையினால் மூச்சு அடைபடுவது இந்த ஜாதியைச் சேர்ந்ததன்று.

இதை உலகம் கண்டறிந்த கதையே ஒரு கப்பலில்தான் ஆரம்பிக்கிறது என்பது வேடிக்கை. 1901-ஆம் வருஷம் மொனாக்கோ தேசத்து அரசர் முதலாம் ஆல்பர்ட் தம்முடைய சொந்தக் கப்பலில் சமுத்திர ஆராய்ச்சிக்குப் புறப்பட்டார். சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் உடன் சென்றார்கள். கடலில் மிதக்கும் ஒரு வகைச் சொறிமுட்டையின் விஷத்தை ஆராய்வது அவர்கள் வேலை. பாரிஸுக்குத் திரும்பியபின், அந்தப் பிராணி கிடைக்காமல், கடல் சாமந்தி என்னும் பிராணியின் விஷத்தை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விஷம் பழகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். 'நெப்டியூன்' என்ற திடமான நாய் முதல் தரம் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து அதே அளவை மறுபடி கொடுத்தபோது அரை மணி நேரத்துக்குள் மாண்டது. உடம்பு பழகவில்லை, முதல் தடவையை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை வெகுண்டெழுந்தது. 1902-இல் இதற்கு 'அனாபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டார்கள். 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னா வைத்தியர் பிர்க்கே 1906-இல் வழங்கினார். நாம் ஒவ்வாமை என்கிறோம்.

இதற்குரிய மருந்தும் அதே 1901-ஐ ஒட்டி வெளிவந்தது என்பது நமக்கு ஒரு திருப்தி. அட்ரினலினைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து அறிவித்தவர் ஆசியாக்காரர்; ஜப்பானிய ரசாயன நிபுணர் ஜோகிச்சி தகமினே.

ஆத்தாவின் வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. "நம் பக்கத்துக் குழந்தைகளெல்லாம் கடலை தின்றே வளர்ந்தன, அப்போது இந்த நோய் எங்கே இருந்தது?" என்கிறாராம். லண்டன் வைத்தியர்கள் 640 கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்திய பரீட்சையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு முதல் வருஷத்திலேயே நிலக்கடலையைப் பக்குவமாகக் கொடுத்துவந்தால், ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். ஆத்தா இதைக் கேட்டால் மகிழ்வார். ஆனால் அது ஒவ்வாமை வராமல் தடுக்கிற வழி. வந்துவிட்ட குழந்தையிடம் வீட்டில் வைத்துச் செய்து பார்க்கிற வித்தை அல்ல. நெப்டியூன் கதையை ஆத்தாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டவேண்டும்.

கப்பலுக்கு வருவோம். கப்பல் சமையற்கட்டு ஆயிரக்கணக்கான பேருக்கு ஆக்கிப் போடுகிற இடம். அங்கே சட்டியோடு சட்டி உறவாடும். ஆகையால் டிக்கெட் வாங்கும்போதே, அதாவது புறப்படச் சில வாரங்களுக்கு முன்பே, எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதவேண்டும். ஏறிய அன்று, கப்பலைச் சுற்றிப் பார்க்கப் போவதற்கு முன்னால், சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பணியாளரைக் கண்டு அந்தக் கடிதத்தைக் காட்டவேண்டும். மாமனாரின் மானம் இதில் போகாது. கேட்டுப் பழகியவர்கள்தான் அங்கே வேலை செய்கிறார்கள். கேட்காமல் இருந்துவிட்டு நடுக்கடலில் வைத்தியரைத் தேடுவதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

எதைச் சொல்லிக் கேட்பது என்பதில் நம் பாஷையே நம்மைக் காலை வாருகிறது. 'கடலை ஆகாது' என்று மட்டும் சொன்னால் போதாது. கொண்டைக்கடலையும் கடலை, பொட்டுக்கடலையும் கடலை, பஜ்ஜிக்குக் கரைக்கிற மாவும் கடலை மாவு. நம் வீட்டு விபத்தே இந்த வார்த்தையில் சறுக்கியதுதான். 'நிலக்கடலை' என்று முழுப்பெயர் சொல்லவேண்டும். வட ஆர்க்காட்டுப் பக்கம் அதுவே மல்லாட்டை. கப்பல் இலங்கைக் கரையில் நின்று, இறங்கி ஊர் பார்க்கப் போனால், அங்குள்ள தமிழர் அதைக் 'கச்சான்' என்பார்கள். இரு கரையிலும் பேசுவது தமிழ்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக் கடையில் 'கச்சான் போட்டிருக்கிறதா?' என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். சைவர்களுக்கும் மீன் ஆகாதவர்களுக்கும் இன்னொன்று: அந்த ஊர்ச் சம்பலில் மாசிக் கருவாடு பெரும்பாலும் கலந்திருக்கும்.

கப்பலில் 'சைவம்', 'ஜைன உணவு' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஜைன உணவில் வெங்காயமும் பூண்டும் கிழங்கும் இரா. கடலையும் முந்திரியும் தாராளமாக இருக்கலாம். வடக்கத்திக் குழம்புகள் பலவற்றுக்கு முந்திரி விழுதுதான் உடம்பு. அவரவரே எடுத்துச் சாப்பிடும் நீண்ட மேஜை இருக்கிறதே, அது குழந்தைகளுக்குச் சுவர்க்கம். இந்தக் குழந்தைக்கு ஆகாது. ஒரு பாத்திரத்துக் கரண்டி மறு பாத்திரத்தில் விழாத பந்தி உலகத்தில் இல்லை. உட்காரவைத்துப் பரிமாறும் கூடத்தில், தனியாக ஆக்கிய தட்டையே வாங்கிக் கொடுக்கவேண்டும். பொரித்த பண்டங்களானால் எந்த எண்ணெய், அதே சட்டியில் வேறு என்ன பொரித்தார்கள் என்று கேட்கவேண்டும்.

எண்ணெய் என்றதும் செக்கு மறுபடி ஞாபகத்துக்கு வருகிறது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் என்றால் நம்மவருக்குத் தனிப் பிரியம், நமக்கும்தான். ஆனால் ஒவ்வாமையை உண்டாக்குவது கடலையிலுள்ள புரதம். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது அநேகமாக நீங்கிவிடுகிறது. செக்கெண்ணெயில் மிச்சம் இருக்கும். எல்லோருக்கும் உயர்ந்த எண்ணெய் இந்த ஒரு குழந்தைக்குத் தாழ்ந்ததாகிறது. இரயிலுக்கென்று வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிற முறுக்கும் தட்டுவடையும் எந்த எண்ணெயில் வெந்தன என்பதைச் சகோதரி முதலில் விசாரிக்கட்டும். ஆபத்து கப்பலில்தான் காத்திருக்கிறது என்று யார் சொன்னது?

பொட்டலப் பண்டங்களில் நிலக்கடலை இருந்தால் அதை அறிவிக்கவேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. பால், முட்டை, மீன், கோதுமை, சோயா முதலியவையும் அந்த ஜாபிதாவில் உண்டு. எள்ளின் பெயர் அதில் இடம்பெறவில்லை. எள்ளுருண்டையும் நல்லெண்ணெயுமாக வாழ்கிற நாட்டில் இது பெரிய குறை. 2016-இல் லண்டனிலிருந்து நீஸ் நகருக்கு ஆகாய விமானத்தில் போன பதினைந்து வயதுப் பெண் நடாஷா எட்னான்-லாபெரூஸ், ரொட்டி மாவில் கலந்திருந்த எள்ளினால் உயிரிழந்தாள். அந்தப் பொட்டலத்தின்மேல் எள் என்று எழுதியிருக்கவில்லை. அவளுடைய பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 2021-இல் அவள் பெயராலேயே வழங்கும் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் அமுலுக்கு வந்தது. கூடத்தில் எழுதியிருப்பதை நம்பி, எழுதாததையும் கேட்பது அவசியம் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

மருந்து விஷயம் வைத்தியரோடு பேசவேண்டியது. நாம் வைத்தியர் அல்ல. ஆனாலும் அந்தப் பெங்களூர் அம்மாளிடமிருந்து கற்றதைச் சொல்லலாம். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மூச்சோ குரலோ மாறினால் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து, அதுவும் தொடையின் வெளிப்புறத்தில். தானாகவே பாய்கிற பேனா போன்ற ஊசி ஊர்ப்புறத்து மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கிற பண்டமல்ல. ஆகையால் குழந்தையின் எடைக்குத் தக்க அளவை வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, போடும் முறையையும் அவர் முன்னிலையில் கற்றுக்கொள்ளவேண்டும். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வது நல்லது. ஊசி போட்டபின் குழந்தையை எழுந்து நடக்க விடாமல் படுக்கவைக்கவேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். நேரே கப்பல் வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும், ஏனெனில் அடங்கிய உபத்திரவம் சில மணி நேரத்தில் திரும்பி வருவதுண்டு. மருந்து பெட்டியில் பூட்டிக் கிடக்கலாகாது. கைப்பையில், வெயில் படாமல், வைத்தியர் கடிதத்தோடு இருக்கவேண்டும். துறைமுகத்தில் ஊசியைக் கண்டு சோதனைக்காரர் விழித்தால் அந்தக் கடிதம் பேசும்.

குழந்தையை அம்மாயி வீட்டில் விட்டுப் போவதை மாத்திரம் நாம் ஒப்பமாட்டோம். எட்டு வயதுப் பெண்ணுக்கு அது என்னவாகத் தோன்றும்? தன்னால்தான் எல்லோருக்கும் தொல்லை என்று தோன்றும். நம் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டானே, அந்தப் பையனுக்குத் தோன்றியதைப் போல. அவளும் வரட்டும். "இதில் நிலக்கடலை இருக்கிறதா?" என்று அவளே வாய் திறந்து கேட்கக் கற்றுக் கொடுங்கள். பதினொரு பேர் உட்காரும் மேஜையில் முதல் தடவை அந்தக் கேள்வியை அப்பாரு கேட்டால் இன்னும் விசேஷம். பிறகு ஆத்தா ஆட்சேபிக்க மாட்டார்.

இவ்வளவும் எழுதித் தபாலில் சேர்க்கப் போகும்போது, நம் வீட்டார் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அடியில் ஒரு வரி சேர்த்தார்கள்: "அம்மிணிக்கு வழியில் சாப்பிடச் சந்தகை கட்டிக் கொடுங்கள், தேங்காயெண்ணெயில் தாளியுங்கள், தாளிக்கிற கரண்டி புதுசாக இருக்கட்டும்."