தானாக வந்த புழு!

மாவு டப்பாவைத் திறக்கிறீர்கள்; உள்ளே புழு! "மழை நாள் அல்லவா, தானாகவே வைத்துவிட்டது" என்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம், அம்மணி! அழுகலிலிருந்து பூச்சிகள் தாமாகவே பிறப்பதுண்டு என்று கிரேக்க மேதை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்தார். பெரியவர் சொன்னதாயிற்றே! சுமார் இரண்டாயிரம் வருஷம் உலகம் அதை நம்பிற்று.

ஏட்டை நம்பி இராமல் இயற்கையையே சோதித்து அறிய வேண்டும் என்று 1620-இல் புத்தகம் எழுதினார், ஆங்கிலேயரான பிரான்சிஸ் பேக்கன். எப்படிச் சோதிப்பது? 1668-இல் இத்தாலிய வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி வழி காட்டினார்.

ஜாடிகளில் மாமிசத்தை இட்டார். சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார். திறந்ததில் புழு நெளிந்தது, மூடியதில் இல்லை. 'காற்றுப் புகாததால்தான்' என்று யாராவது ஆட்சேபிக்கலாமல்லவா? ஆகவே மெல்லிய சல்லாத் துணியால் மூடிப் பார்த்தார். காற்றுப் புகுந்தது, ஈ புகவில்லை. மாமிசத்தில் புழுவும் இல்லை! ஈயின் முட்டைதான் புழுவாகிறது என்பது வெட்ட வெளிச்சமாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், மரக்கிளை முடிச்சுகளில் காணும் புழுவை மரமே பெறுகிறது என்று அதே ரெடி நம்பினார்! மேதைக்கும் சறுக்கல் உண்டு. அதனால்தான் சோதனை வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்துப் பார்ப்பது: இதுதான் சூட்சுமம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் வீட்டில் இரண்டு டப்பா இல்லையா, என்ன?