கருவி பிறகு வரட்டும், பயிற்சி முதலில் வரட்டும்

கழுத்து வழியாக ஓடும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் மூளையில் புதிய நரம்பணுக்கள் முளைக்கும் என்கிறார்கள். எலிகளைப் பொறுத்தவரை இதற்கு ஆதாரம் உண்டு. தூண்டல் பெற்ற எலிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் அணுப்பெருக்கம் கூடியதாக 2008-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனிதரில் அடித்தளமே ஆடுகிறது. வளர்ந்தவர் மூளையிலும் நரம்பணு பிறக்கிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2018-இல் ஓர் ஆய்வு இல்லை என்றது, அதே ஆண்டிலேயே இன்னொன்று உண்டு என்றது. இந்த வழக்கு தீரும் முன்பே 'மூளை வளர்க்கும் கருவி' என்று விற்பது வியாபாரம், மருத்துவமல்ல.

அதற்காக நரம்புத் தூண்டலே வீண் என்று தள்ளிவிட முடியாது. பக்கவாதத்தால் கை விழுந்து மாதங்கள், வருடங்கள் ஆன 108 பேரிடம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் மார்பில் கருவி பொருத்தினார்கள். பாதிப் பேருக்குத்தான் உண்மையான தூண்டல். நோயாளி பொருளை எட்டிப் பிடிக்கும் அந்த நொடியில் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்த, அரை நொடி மின்துடிப்பு போகும். மூன்று மாதம் கழித்து, தூண்டல் பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. மற்றவர்களில் 24 சதவீதம். கருவி பலனை இரட்டிப்பாக்கியது என்பார்கள். ஆக்கியதுதான். ஆனால் இரு சாராரும் ஒரே கடும் பயிற்சியைச் செய்தவர்கள். பயிற்சியில்லாத தூண்டலை அந்தச் சோதனை பார்க்கவேயில்லை. பலனுக்குக் காரணமாக ஆய்வாளர்கள் கருதுவதும் புது அணுக்களை அல்ல, இருக்கும் இணைப்புகள் வலுப்படுவதை.

இந்தச் சிகிச்சையைக் கொல்லிமலையில் 'நாடு' எனப்படும் ஊர்த் தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் வைத்துப் பாருங்கள். கை கால் விழுந்த ஒருவரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கி வாரம் மூன்று முறை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போக எந்தக் குடும்பத்தால் முடியும்? அமெரிக்கா அந்தக் கருவிக்கு அனுமதி தந்த அதே 2021 ஆகஸ்டில்தான் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபி அதில் அடக்கம். மலைவாழ் மக்களுக்கு மட்டும் நவீன மருத்துவம் வேண்டாமா என்று கேட்பது நியாயம். கட்டாயம் வேண்டும். ஆனால் பயிற்சி தர ஆளில்லாத ஊரில் அந்தக் கருவி வெறும் பேட்டரி. மலையின் ஒவ்வொரு நாட்டுக்கும் பிசியோதெரபிஸ்ட் வரும் நாளை அறிவித்து, இடைப்பட்ட நாட்களில் வீட்டாரே தொடரும்படி அவர்களுக்குப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதைத் திண்ணனூர் நாட்டிலிருந்தே தொடங்கலாம்.