பெட்டிக்குள் இருப்பதை அறியும் உரிமை

2025 மே 23 அன்று விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சி நோக்கிப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா-3 சரக்குக் கப்பல், மறுநாள் நடுக்கடலில் சாய்ந்து, மே 25 அன்று மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலிலிருந்த 640 கண்டெய்னர்களில் 13இல் அபாயகரமான சரக்கு இருந்தது. அவற்றில் 12இல் இருந்தது கால்சியம் கார்பைடு.

அடுத்தடுத்த நாட்களில் கொல்லம், ஆலப்புழை கரைகளில் கண்டெய்னர்கள் ஒதுங்கின. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையையும் கடந்து குமரி மாவட்டம் வரை பரவின. நெய்யாற்றின்கரை வட்டத்தின் பூவாறும் பொழியூரும், எல்லைக்கு அப்பாலுள்ள நீரோடியும் ஒரே கரையின் தொடர்ச்சி. அங்குள்ள மீனவர்களுக்கு மாநிலம் இரண்டு, கடல் ஒன்றுதான்.

கால்சியம் கார்பைடு மக்கள் அறியாத பொருளன்று. மாங்காயைப் பழுக்க வைக்கச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தப்படும் ‘கார்பைடு கல்’ அதுவே. வெல்டிங்கிற்கான அசெட்டிலீன் வாயுவும் அதிலிருந்து கிடைக்கிறது. உலர்ந்த நிலையில் அது எரிவதில்லை. நீர் பட்டதும் வெப்பத்தை வெளியிட்டு அசெட்டிலீனை உண்டாக்குகிறது. ஒரு கிலோ கார்பைடிலிருந்து ஏறத்தாழ 300 லிட்டர் வாயு வெளிவரும். காற்றில் 2.5 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும். 80 விழுக்காடு வரையிலும் அந்த அபாயம் நீடிக்கும். சமையல் எரிவாயுவுக்கு இந்த வரம்பு ஏறக்குறைய 2 முதல் 10 விழுக்காடு மட்டுமே. மூடிய பெட்டிக்குள் அசெட்டிலீன் தேங்கினால் வெடிக்கச் சிறு தீப்பொறி போதும். கார்பைடில் பற்றிய தீயின் மீது நீரைப் பாய்ச்சுவது அபாயத்தைப் பெருக்கும். உலர்ந்த மணலே உதவும். உதவ ஓடிவரும் மீனவர் முதலில் கையிலெடுப்பது தண்ணீர் வாளியைத்தான்.

பெட்டிகளைத் தொடாதீர்கள், 200 மீட்டர் விலகி நில்லுங்கள், 112ஐ அழையுங்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் சரக்கின் முழுப் பட்டியல் மக்கள் பார்வைக்கு வந்தது ஜூன் மாதத்தில்தான். போபால் படுகொலைக்குப் பின் 1989இல் வந்த அபாயகர ரசாயன விதிகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்குத் தகவல் தருவதை ஆலை நிர்வாகத்தின் கடமையாக்கின. ஆலையின் அருகே வாழ்பவருக்குள்ள உரிமை, கப்பல் தடத்தின் அருகே வாழ்பவருக்கு ஏன் இல்லை?

இது ஒற்றை விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. பதினைந்தே நாட்களில், ஜூன் 9 அன்று, கண்ணூருக்கு அப்பால் வான் ஹை 503 கப்பல் வெடித்துத் தீப்பற்றியது. மாலுமிகள் நால்வர் காணாமற்போயினர். 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியது. அதற்காக 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆணையிட்டது.

எல்சா-3 கட்டப்பட்டது 1997இல். அது பறக்கவிட்டது லைபீரியக் கொடி. நிறுவனத்தின் தலைமையகம் ஜெனிவாவில். லாபம் ஒரு நாட்டிற்கு, பதிவு வேறொரு நாட்டில், சேதமோ நம் மீனவர் தலையில். உலகமயம் கடலில் நடத்தும் வணிகம் இதுதான். கேரள மீனவக் குடும்பங்களுக்கு இடைக்கால நிவாரணமாக அறிவிக்கப்பட்டது 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். 9,531 கோடி ரூபாய் கோரிக் கேரள அரசு உயர்நீதிமன்றத்தை நாடியது வரவேற்கத்தக்கது. குமரி மாவட்ட மீனவர்களின் இழப்புக்கும் கப்பல் நிறுவனத்தையே பொறுப்பாக்க வேண்டும்.

விழிஞ்ஞத்தில் இறங்கும் சரக்கு நாளை நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியே சாலையில் எல்லையைக் கடக்கும்போது இதே கேள்வி ஊருக்குள்ளும் எழும். அபாயகரச் சரக்கின் விவரம் மலையாளத்திலும் தமிழிலும் எல்லையோர ஊராட்சிகளுக்கு முன்கூட்டியே தரப்பட வேண்டும். திருவனந்தபுரம், குமரி மாவட்டங்களுக்குக் கூட்டு அவசரத் திட்டம் வேண்டும். துறைமுகத் தொழிலாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் மீனவர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். மத்திய அரசின் கப்பல் துறை இதிலிருந்து நழுவ அனுமதிக்கக் கூடாது. எல்லையின் இருபுறமும் உள்ள கட்சிக் கிளைகளும் மீனவர், போக்குவரத்துத் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஒன்றுபட்டு முன்னெடுப்பது உடனடிக் கடமையாகும்.