ஆடிக்காற்றை முதலில் அளப்போம்

ஆடி பிறந்தால் காவிரிப் பாலத்தில் வண்டியை நேராக ஓட்டுவதே பெரும்பாடு. தொட்டியம், முசிறிப் பக்கம் வாழைக்கு முட்டுக் கொடுத்தும் சாய்கிறது. இவ்வளவு காற்று வீணாகிறதே, திருச்சியிலும் காற்றாலை நிறுத்தினால் என்ன என்று கேட்பதில் தவறில்லை. ஆனால், காற்றாலை சுழலும் உயரத்தில் ஓராண்டு முழுக்க எடுத்த அளவுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது; கணவாய் கிடைத்த இடத்தில் அது நெருக்குண்டு வேகமெடுக்கிறது. காற்றாலைகளுக்குப் பெயர்பெற்ற முப்பந்தலுக்கு ஆரல்வாய்மொழியும், பல்லடம், உடுமலைப் பகுதிகளுக்குப் பாலக்காடும் கணவாயாக அமைந்தன. திருச்சிக்கு வருவதும் பாலக்காட்டுக் காற்றுதான். ஆனால் சமவெளியில் சுமார் 200 கி.மீ. பரவிய பிறகே வந்து சேர்கிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக மாறுவதால், இந்தத் தூரத்தைச் சாதாரணமாக எண்ண முடியாது. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில், 5 மீட்டர் காற்றைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதல் ஆற்றல் உண்டு. நிலம் காற்றை நெருக்குவதையும் மறிப்பதையும் ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளிலும் காணலாம். அங்கே குளிர்காலத்தில் உள்நிலத்தின் கனத்த குளிர்காற்று அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கு வழியே கடலை நோக்கி இறங்குகிறது. பள்ளத்தாக்கின் நேர்வழியில் உள்ள இடத்துக்குக் கிடைக்கும் காற்று, பக்கத்திலேயே மலை மறைவில் உள்ள இடத்துக்குக் கிடைக்காது. பருவம் வேறு, பனி வேறு. நிலத்தின் அமைப்பே காற்றைத் தீர்மானிக்கிறது என்பது மட்டும் பொது.

தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடம் இருக்கும்போது தனி அளவீடு எதற்கு என்று கேட்கலாம். வரைபடம் எங்கே தேடலாம் என்று காட்டும். ஒரு குறிப்பிட்ட மேட்டில் என்ன கிடைக்கும் என்பதை அங்கே நட்ட கருவிதான் சொல்லும். திருச்சியில் காற்றே போதாது என்று தள்ளிவிடுவோருக்கும் இது பொருந்தும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர். இன்றைய காற்றாலைகளின் சுழலி 100 மீட்டருக்கு மேலேயே நிற்கிறது. தெருவில் உணரும் காற்றை வைத்து அந்த உயரத்தைக் கணிக்க முடியாது. ஆடி முடிந்தால் காற்று அடங்கிவிடுமே என்பது வலுவான மறுப்பு. அதனால்தான் ஒரு மாத வேகத்தை நம்பாமல் பன்னிரண்டு மாதமும் அளக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டிய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால், அளவைக் கோபுரத்தின் செலவு சொற்பம். கட்டடங்கள் காற்றைக் கலைக்கும் நகருக்குள்ளும், விமான நிலையத்தின் சுற்றுப்புறத்திலும் காற்றாலைக்கு இடமில்லை. எனவே மாவட்டத்தின் மேற்கு எல்லையில் அரசு அளவைக் கோபுரங்களை நிறுத்தி, ஓராண்டுக் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு அதற்குப் பிறகு வரட்டும்.